படுக்கையைத் தூக்கும் வேலை: வியாதியஸ்தருக்காக ஜெபிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் சபையில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வியாதியஸ்தருக்கான ஜெபம் நடக்கும். ஆறு மணிக்கு ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு, எங்கள் போதகர் ஐயர் ஐந்து நிமிடம் பேசுவார். அப்புறம் ஜெபம் வேண்டும் என்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு வருவார்கள். அங்கே நாங்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருப்போம். பதினான்கு வருஷமாக அந்த நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்காருகிறேன். இந்த வருஷம் ஐந்து பேர் புதிதாகக் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். “அக்கா, நாங்க என்ன செய்யணும்?” என்று கேட்டார்கள். வாயால் சொன்னதில் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதிவிட்டேன்.

முதலில் நம் வேலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் கைகால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கப்பர்நகூமில் அந்த வீட்டு வாசலில் இடமில்லை. மேலே ஏறி, கூரையைப் பிரித்து, படுக்கையை இறக்குகிறார்கள். அந்த நாலு பேரின் பெயர் எழுதப்படவில்லை. அவர்கள் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. இறக்கிவிட்டதோடு அவர்கள் வேலை முடிந்தது. நாம் அந்த நாலு பேரில் ஒருவர். உள்ளே உட்கார்ந்து எழும்பி நட என்று சொல்கிறவர் நாமில்லை. இந்த ஒன்றை மறக்கிறபோதுதான் கத்தல், தள்ளல், மருந்தைத் தூக்கிப் போடச் சொல்லுதல் எல்லாம் வந்து சேருகிறது.

வருவதற்கு முன்

மத்தியானம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உபவாசம் இருக்கிறவர்கள் இருக்கலாம், ஆனால் எட்டு மணிக்குத் தலைசுற்றி உட்கார்ந்த ஒரு தம்பிக்கு, ஜெபத்துக்கு வந்த பாட்டியே தண்ணீர் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ட் வேண்டாம். மல்லிகைப்பூவும் வேண்டாம். நான் சேர்ந்த முதல் வாரம் ஐயருடைய மனைவி, எங்கள் ஐயரம்மா, சொன்ன முதல் பாடம் இதுதான். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பூ வைப்பதில் என்ன பாவம் என்று நினைத்தேன். பாவமெல்லாம் இல்லை. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுக்கிறவர்களுக்கு வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தாலே குமட்டும். நாம் குனிந்து தலையில் கை வைக்கும்போது அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சொல்லமாட்டார்கள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கு வராதீர்கள், வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். கீமோ எடுக்கிறவர்களுக்கும் சிறுநீரகம் மாற்றினவர்களுக்கும் நம் சளி சாதாரணச் சளி இல்லை.

நாற்காலிகள்

மூன்று நாற்காலி. வருகிறவருக்கு ஒன்று, ஜெபிக்கிற இருவருக்கு இரண்டு. நாம் நின்றுகொண்டு அவரை உட்காரவைக்கக் கூடாது. தலைக்கு மேலே இரண்டு பேர் நின்றால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். கதவு பாதி திறந்திருக்கட்டும். பெண்கள் வந்தால் ஜெபிக்கிற இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வந்தால் அப்பாவோ அம்மாவோ கூட இருக்க வேண்டும். யாரோடும் தனியாக உட்காராதீர்கள், உங்களுக்கு எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

முதல் கேள்வி

“உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்?” என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வியாதியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். பர்திமேயு குருடன் என்பது எரிகோவில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் செய்கிறார்.

ஒரு பெரியவர் வலதுகாலில் பெரிய கட்டோடு வந்தார். சுகர் புண். என்னோடு இருந்த சகோதரர் உடனே குனிந்து காலில் கை வைக்கப் போனார். பெரியவர் காலை இழுத்துக்கொண்டார். “காலுக்கு ஆஸ்பத்திரில பாக்காங்கம்மா. ராத்திரி தூக்கமே இல்ல. அதுக்கு ஜெபம் பண்ணுங்க” என்றார். அவருக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. அடுத்த மாதம் விரலை எடுக்கப்போகிறார்கள், பெண்டாட்டிக்கு இன்னும் சொல்லவில்லை. நாங்கள் கேட்காமல் காலுக்கு ஜெபித்திருந்தால் அதைச் சொல்லாமலே போயிருப்பார்.

கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். இரண்டு மூன்று நிமிடம் அவர் பேசட்டும். நடுவில் “எங்க சித்திக்கும் இதேதான்” என்று தொடங்காதீர்கள். வாக்குத்தத்த வசனத்தைப் பாதிப் பேச்சில் எடுத்து நீட்டாதீர்கள். அழுதால் அழவிடுங்கள், டிஷ்யூ பெட்டி மேஜையில் இருக்கும், அதை எடுத்துத் திணிப்பது கூட சில நேரம் “போதும், நிறுத்து” என்று சொல்வது போலாகிவிடும்.

ஏன் இந்த வியாதி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். “ஏதாவது பாவம் அறிக்கை பண்ணாம இருக்கா?”, “வீட்ல யாராவது செய்வினை வச்சிருப்பாங்களா?” என்ற இரண்டு கேள்விகளும் எங்கள் அறையில் தடை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டதற்கு, இரண்டுமில்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார்; யோவான் ஒன்பதை வாசித்துப் பாருங்கள்.

மருந்து

இதில் எனக்குச் சமரசம் கிடையாது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லாதீர்கள், “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு” என்று சிரித்துக்கொண்டே கூடச் சொல்லாதீர்கள். அவராகவே “நிறுத்திட்டேன் அக்கா, கர்த்தர் பார்த்துக்குவார்” என்று சொன்னால் ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டீர்களா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

சின்ன வயதிலேயே வருகிற முதல் வகை சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதமே இருமல் நின்று, எடை ஏறி, முகம் தெளிந்துவிடும். அந்த நேரத்தில்தான் சுகமாகிவிட்டேன் என்று சபை முன்னால் சாட்சி சொல்ல ஆசை வரும், மருந்தும் நிற்கும். நடுவில் விட்டால் வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோயாக அது திரும்பி வரலாம், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் பரவலாம். மனநோய்க்கான மாத்திரைகளும் அப்படித்தான். நன்றாக இருப்பது மாத்திரையால் என்பதே அவர்களுக்கு மறந்துபோகும்.

வேதத்தில் ஆதாரம் கேட்கிறவர்களுக்கு: எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு என்று வாக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் அவன் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். நம் பக்கத்திலேயே ஐடா ஸ்கடர் என்ற மிஷனெரி டாக்டர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி. அங்கே சாப்பலும் ஆபரேஷன் தியேட்டரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

மறுபடியும் பரிசோதனை செய்து, மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லட்டும். அது வந்தால் நமக்கும் சந்தோஷம்தானே.

கை வைப்பது

“கை வச்சு ஜெபிக்கலாமா?” என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். போன மாதம் சரி என்றவர் இந்த மாதம் வேண்டாம் என்பார். சரி என்றால் தோளிலோ, நெற்றியிலோ, நீட்டிய உள்ளங்கையிலோ லேசாக வையுங்கள். வலிக்கிற இடத்தில் வேண்டாம். அங்கே அவரே கையை வைத்துக்கொள்ளட்டும். அமுக்காதீர்கள், தள்ளாதீர்கள். பின்னால் ஆள் நிறுத்தி விழவைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கழுத்து எலும்பு தேய்ந்தவரை நெற்றியில் பிடித்துத் தள்ளினால் என்ன ஆகும் என்று எலும்பு டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணெய் பூசுவது தனி. யாக்கோபு ஐந்தில் சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்லியிருக்கிறது, அதனால் எங்களிடம் ஐயர்தான் பூசுவார். ஆலிவ் எண்ணெய், சின்னப் புட்டி, பெருவிரல் நுனியில் ஒரு சொட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம். அவ்வளவுதான். நீங்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து பூச வேண்டாம், குடிக்கக் கொடுக்கவே வேண்டாம். கத்தோலிக்கரிடம் இது இன்னும் கறார்: நோயில்பூசுதல் ஒரு அருட்சாதனம், அதைக் குருவானவர் மட்டுமே தரலாம். குணமளிக்கும் செபங்களைப் பற்றி 2000-ல் வத்திக்கான் ஒரு அறிவுரை வெளியிட்டது. அந்த மாதிரிக் கூட்டங்களில் வெறி, நாடகத்தனம், பரபரப்பு இதெல்லாம் தலைகாட்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சிஎஸ்ஐக்காரி நான், இருந்தாலும் அதை அச்செடுத்து எங்கள் அறையில் ஒட்டலாம் என்று தோன்றியதுண்டு.

ஜெபம்

புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான், உண்மையில் இருப்பதிலேயே சுலபமானது இதுதான். இரண்டு நிமிடம் போதும். அவர் சொன்ன வார்த்தையிலேயே கேளுங்கள். அவர் “நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி” என்றால் நீங்களும் கல் என்றே சொல்லுங்கள். ஜெபத்துக்கென்று ஒரு பாஷையை நாம் வைத்திருக்கிறோமே, “சர்வ சிருஷ்டிக்கும் எஜமானராகிய” என்று தொடங்குவது, அது சபைக்கே வராதவர்களுக்குப் புரியாது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள். நெற்றியில் திருநீறோடு வருவார்கள். தர்காவில் ஓதின தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டே நம்மிடமும் வருவார்கள். திருநீறை அழிக்கச் சொல்லாதீர்கள், பாட்டிலைக் கொட்டச் சொல்லாதீர்கள். வலிக்கிறவர் எல்லாக் கதவையும்தான் தட்டுவார்.

சத்தம் போட வேண்டாம். கேட்கிறவருக்குச் செவி நன்றாகவே கேட்கிறது. ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள். “ஆண்டவரே, இந்தச் சகோதரி கோபத்தை விட்டுவிட” என்று ஜெபிப்பது ஆண்டவரிடம் பேசுவது இல்லை, சகோதரியைத் திட்டுவது. கூட இருக்கிற மகளுக்காகவும், பார்க்கிற டாக்டருக்காகவும், நர்ஸுக்காகவும் ஒரு வரி சேருங்கள். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற மகளுக்காக யாரும் ஜெபிப்பதே இல்லை. முடித்ததும் உடனே ஆமென் சொல்லாமல் அரை நிமிடம் சும்மா இருங்கள். பலர் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

“சுகமாயிட்டீங்க” என்று அறிவிக்காதீர்கள். “இப்ப வலி எப்படி இருக்கு? குறைஞ்சிருக்கா?” என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். நம் மனம் நோகக் கூடாது என்று குறைந்திருக்கிறது என்பார்கள்.

இதில் ஒரு விசித்திரமான ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் இதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2006-ல் வந்தது. தெரியாத ஆட்கள் தூரத்திலிருந்து ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. அதைவிட, “உங்களுக்காகக் கண்டிப்பாக ஜெபிக்கிறார்கள்” என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்ட மற்ற இரண்டு குழுக்களில் அது 51, 52 சதவீதம்தான். தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள் ஆராய்ந்தவர்கள். நான் இதை வைத்து விசுவாசத்தை அளக்கப் போவதில்லை. ஆனால் “என் நிலைமை அவ்வளவு மோசமா?” என்ற பயத்தை ஜெபிக்கிறவரே உண்டாக்கிவிடலாம் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. படுக்கையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கதறினால் யாருக்குத்தான் பயம் வராது?

ஜெபத்தை நிறுத்திவிட்டு வண்டி கூப்பிட வேண்டிய நேரங்கள்

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எப்போது தொடங்கியது என்று கேட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும், மூச்சுத் திணறல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, மயக்கம் எல்லாவற்றுக்கும் அதே 108. வண்டியில் போகும்போது ஜெபிக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று வாயை அடைக்காதீர்கள். எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல், வீட்டில் நம்புகிற ஒருவரை வரவழைத்து, 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ அவர் முன்னாலேயே போன் போடுங்கள். பிள்ளை ஒன்று தன்னை யாரோ தொந்தரவு செய்வதாகச் சொன்னால் ரகசியம் காக்கும் விதி அங்கே செல்லாது: ஐயரிடம் உடனே சொல்லி, 1098 என்ற பிள்ளைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், “பிசாசு பிடிச்சிருக்கு” என்று அழைத்துவரப்படுகிறவர்கள். அநேகமாக இளம்பெண்களாக இருப்பார்கள். பல ராத்திரி தூங்காதவர்கள், காதில் குரல் கேட்கிறவர்கள், வலிப்பு வருகிறவர்கள். சுற்றி நின்று கத்தி, முடியைப் பிடித்து, பெயரைச் சொல் என்று மிரட்டுவதை நீங்கள் வேறு இடங்களில் பார்த்திருக்கலாம். இங்கே அது இல்லை. மெதுவாக ஜெபித்து, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு மனநல டாக்டரிடம் காட்டச் சொல்லுகிறோம். துணைக்கு ஒருவர் கூடவே போகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கிற ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப முடியாமல் செத்துப்போனார்கள். சுகம் தேடி அந்தப் புனிதத் தலத்துக்கு அழைத்துவரப்பட்டவர்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடுக்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் மனநல மருத்துவர்கள் அங்கேயே உட்கார்ந்து பார்க்கிற ‘தவா–துவா’ ஏற்பாடு பிற்பாடு வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். நாம் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

ஜெபக்குறிப்பும் வாட்ஸாப்பும்

வருகிறவர் சொன்னது அந்த மூன்று நாற்காலிக்குள் இருக்க வேண்டும். முன்பு நான் இருந்த ஒரு ஜெபக்குழுவில், கரு கலைந்துபோன ஒரு பெண்ணுக்காக ஜெபிக்கச் சொல்லி ஒருவர் நல்ல மனதோடு வாட்ஸாப் குழுவில் போட்டார். பெயரோடு, தெருவோடு. அரை மணி நேரத்தில் நாற்பது கூப்பிய கைகள் வந்து விழுந்தன. மாமியார் வீட்டுக்கு அந்தப் பெண் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவள் அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அந்த நாற்பதில் என்னுடையதும் ஒன்று.

குறிப்பு எழுதினால் பெயரின் முதல் எழுத்து மட்டும். வெளியே சொல்ல வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு, எந்த வார்த்தையில் சொல்லலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சியும் அப்படியே: மைக்கைக் கொண்டுபோய் யார் முகத்திலும் நீட்டாதீர்கள்.

காசு வாங்காதீர்கள். நன்றிக்காகக் கையில் திணித்தால் ஆலயக் காணிக்கைப் பெட்டியைக் காட்டுங்கள். வாழைத்தார் கொண்டுவந்தால் எல்லோருமாகச் சாப்பிடலாம். நோட்டீஸில் “புற்றுநோய், வலிப்பு, சர்க்கரை சுகமாகும்” என்று அச்சடிக்கக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். தாயத்து, மந்திரம் போன்றவற்றால் இப்படிப்பட்ட வியாதிகளைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த வாக்கு நாம் கொடுக்கக்கூடியது அல்ல.

சுகமாகாதபோது

சுகமாகாதவர்கள்தான் அதிகம். அதை முதலிலேயே தெரிந்துகொண்டு வாருங்கள். துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார், காரணம் ஒன்றும் சொல்லாமல். உங்கள் விசுவாசம் போதவில்லை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ராத்திரி முழுக்க அவர்கள் தங்களைத் தாங்களே அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு ஒரு டீச்சர் எட்டு மாதம் வந்தார். கடைசியில் வர முடியவில்லை, நாங்கள் வீட்டுக்குப் போனோம். வலிக்கு டாக்டர் எழுதின மார்பின் மாத்திரை ஸ்ட்ரிப் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் இருந்தது. அதைப் போட்டால் ஜெபத்தை விட்டுவிட்டது போலாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போடலாம் என்று சொன்னதும் இல்லை. ஐயரம்மா கட்டிலில் உட்கார்ந்து, “டீச்சர், இது கர்த்தருக்குக் கோபம் வர்ற விஷயம் இல்ல” என்று சொல்லி, சீட்டை வாசித்து, ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு ஜெபம் அப்புறம்தான். முக்கால் மணி நேரம் கழித்து டீச்சர் காலை நீட்டிப் படுத்தார். அவர் காலை நீட்டிப் பல நாள் ஆயிற்று என்று அவர் மகன் வாசலில் வந்து சொன்னான்.

அதனால் ஜெபித்த மறு வாரம் ஒரு போன் பண்ணுங்கள். சுகமாகிவிட்டதா என்று கேட்காமல், ஸ்கேன் முடிந்ததா, சாப்பிட முடிகிறதா, ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆள் இல்லையென்றால் நம்மில் யாராவது போவோம்.

அடுத்த முதல் வெள்ளி ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். நாற்காலி போட ஆள் வேண்டும்.